வாயுறை வாழ்த்தும் வாக்குச்சீட்டும்

பழந்தமிழ்ப் புலவர் அரசனைப் பாடினர், பரிசில் பெற்றனர். புறப்பாடல்களைப் பற்றி நம்மில் பலர் இவ்வளவோடு அறிந்து அமைந்துவிடுகிறோம். தொல்காப்பியரோ பாடாண் திணைக்குத் துறை வகுக்குங்கால் புகழ்ச்சியோடு நின்றாரல்லர். செவியறிவுறூஉ, வாயுறை வாழ்த்து என்னும் இரண்டையும் அத்திணைக்குள்ளேயே அமைத்தார். ஆள்வோன் செவியில் அறத்தை அழுந்தச் சொல்லுதல் முன்னது. கேட்கும்போது கசந்து, பின்னர் நலம் பயக்கும் சொல்லை மருந்துபோல் ஊட்டுதல் பின்னது. இடித்துரைக்கும் சொல்லைப் பழிப்பு என்று தள்ளாமல் வாழ்த்து என்றே பெயரிட்டுப் போற்றிய மொழி நம் மொழி.

பாண்டியன் அறிவுடைநம்பியின் அவையில் பிசிராந்தையார் பேசியது வரியைப் பற்றி. யானைக்கு நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டுவதற்கும் அதனை விளைநிலத்தில் அவிழ்த்துவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் மன்னனுக்கு விளக்கினார். வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பாடினார். பாடிப் பெற்றது பொன்னன்று, நிலத்தின்மேல் நின்ற பழைய வரிக்கடனின் தள்ளுபடி. இவையெல்லாம் பாட்டு வடிவில் அமைந்த மனுக்கள் என்றால் மிகையாகாது.

இவ்விரு துறைகளையும் அளவுகோலாகக் கொண்டு, பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத்தே வாழும் தமிழரின் அரசியல் மனநிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் நடுவணரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றுபவர். எக்கட்சிக்கும் பரிந்து பேச நமக்கு விதி இடந்தராது, விருப்பமும் இல்லை. ஆயினும் கட்சிகள் பேசும் தமிழையும் மக்கள் பேசும் தமிழையும் நிறுத்துப் பார்ப்பதற்கு எந்த நடத்தை விதியும் தடையன்று. பழைய கட்சிகளின்மேல் மக்களுக்கு நம்பிக்கை தளர்வதேன்? ஒரு முகத்தையோ ஒரு பெயரையோ முன்னிறுத்துவார்பால் அவர்கள் மனம் சாய்வதேன்? ‘மக்கள் அறியாதவர், எளிதில் மயங்குவர்’ என்று படித்தவர் கூறும் விடை நமக்கு உடன்பாடன்று.

எல்லை அமைந்த வரலாறு

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. திருவிதாங்கூரின் தெற்கேயிருந்த அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அங்குள்ள தமிழர் பெரும்பாலும் தோட்டங்களுக்கு வந்துபோகும் தொழிலாளர் என்பது மாநிலச் சீரமைப்புக் குழு கண்ட காரணங்களுள் ஒன்று. மூன்று தலைமுறையாகக் கொழுந்தெடுத்த கைகள் ‘வந்துபோகும் கைகள்’ என்று ஏட்டில் ஏறிவிட்டன. 1972-இல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. எனினும் ஏட்டில் ஏறிய அச்சொல் மலைமக்களின் நெஞ்சிலிருந்து இறங்கவில்லை.

பாலக்காட்டின் கிழக்கெல்லை வேறு வகையினது. பழைய கொச்சி நாட்டைச் சேர்ந்த சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், ஒழலப்பதி, எருத்தேன்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் எனத் தமிழூர்கள் தொடர்ந்து கிடக்கின்றன. அது மழை குறைந்த நிலம். 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் மணக்கடவில் கேரளத்துக்குக் கிட்டவேண்டிய 7.25 டி.எம்.சி. நீரே அவ்வட்டத்து உழவரின் உயிர். நீர் குறைந்தால் அவர்கள் யாரிடம் முறையிடுவது? தமிழ்நாட்டிடம் கேட்க அவர்கள் கேரளத்தார். கேரளத்தில் கேட்கவோ அவர்கள் சிறுபான்மையர்.

1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ள இடந்தந்தது. நல்ல சட்டம். ஆனால் சட்டத்தில் உள்ள தமிழ் எத்தனை அலுவலகச் சாளரங்களில் உள்ளது என்பதை எல்லைப்புறத்தில் ஒருநாள் வரிசையில் நின்றவர் அறிவர். ஆள்வோர் செவியை எட்டுவதற்கே வழியற்ற மக்களுக்குத் தேர்தல் ஒன்றே வாயில். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவ்வாயில் திறக்கும். அன்று மாலையே மூடிக்கொள்ளும்.

பாட்டால் வென்ற காலம்

கட்சிகள்பால் இம்மக்களுக்கு என்றுமே பற்றில்லை என்று எண்ணிவிடலாகாது. 1957-இல் கேரளத்தின் முதற் சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்தில் பொதுவுடைமைக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அத்தேர்தல் செல்லாதென அறிவிக்கப்பட்டமையால் 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் அமைந்த புதிய அரசின் வலிமைக்கு அஃது ஓர் உரைகல். அப்போது மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் தேவிகுளத்துக்கு வந்து பாடினார். பின்னாளில் இசையுலகு இளையராசா என்று போற்றவிருந்த அவர்தம் இளவலும் உடன்வந்தார். ரோசம்மா மீண்டும் வென்றார். அவ்வெற்றியில் பாவலரின் பாட்டுக்கும் பங்குண்டு என்பதை அன்றையோர் பலரும் ஒப்பினர்.

இங்கே இலக்கிய மாணவர் நின்று நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கூடை சுமக்கும் பெண்ணுக்கும் கவ்வாத்து வெட்டும் ஆணுக்கும் அவரவர் மெட்டில் அவரவர் துன்பத்தைச் சொன்ன பாட்டு அது. கட்சி அன்று மக்கள் மொழியில் பேசிற்று. சங்கமும் கொடியும் அம்மொழியின்வழியே மலையேறின. கூலியும் விடுப்பும் மகப்பேற்று உதவியும் சங்கங்கள் போராடி ஈட்டியவை. இவ்வுண்மையை மறைத்துவிட்டுக் கட்சிகளைத் தூற்றுவது நன்றி கொல்வதாகும்.

பின்னர் நேர்ந்தது யாது? காலப்போக்கில் மூன்று பெருஞ்சங்கங்கள் மலையில் வேரூன்றின. ஒவ்வொன்றுக்கும் பின்னே ஒரு கட்சி, அலுவலகம், சந்தாப் புத்தகம். தொழிலாளரின் குறையை மேலே எடுத்துச் செல்லவேண்டிய சங்கம் மேலிடத்தின் முடிவைத் தொழிலாளரிடம் எடுத்துச் சொல்லும் அமைப்பாக மெல்ல மாறிற்று. மேடைத்தமிழ் வளர்ந்தது, ஆனால் அதன் திசை மாறிற்று. தொழிலாளரின் துயரைப் பாடிய மேடை, தலைவரின் தியாகத்தைப் பாடும் மேடையாயிற்று. பாடாண் எஞ்சியது, வாயுறை வாழ்த்து வழக்கொழிந்தது.

கணக்குக் கேட்ட பெண்கள்

வழக்கொழிந்த அத்துறையை மீட்டவர் புலவரல்லர்; எல்லைப்புறத்துப் பெண்கள்.

முதலாவது சித்தூர் வட்டத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சேர்ந்த பிளாச்சிமடை. அங்குக் கொக்கோ-கோலா ஆலை 2000-இல் இயங்கத் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளில் சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் வற்றிற்று என்றும், இருந்த நீரும் வாய்க்கு ஒவ்வாததாயிற்று என்றும் மக்கள் முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22-ஆம் நாள் ஆலை வாயிலில் அறப்போர் தொடங்கியது. அதன் முகமாக விளங்கியவர் இரவாளர் குடியைச் சேர்ந்த மயிலம்மா. அவர் எழுப்பிய வினா எளியது: எங்கள் கிணற்று நீர் எங்கே போயிற்று? அஃது ஒரு கணக்கு வினா. 2003-இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் சேதத்தை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கும் சட்டமுன்வடிவைக் கேரளச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லை. 2007-இல் மறைந்த மயிலம்மா அந்த மதிப்பீட்டைக் கூடக் காணவில்லை. எல்லாக் கட்சியும் ஆதரித்த ஒரு நீதியே ஏட்டளவில் நின்றுவிட்டால், வாக்காளர் எக்கட்சியை நம்புவது, எதனை வெறுப்பது?

இரண்டாவது மூணாறு. 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தோட்டங்களில் போனஸ் 10 விழுக்காடு என்ற செய்தி பரவிற்று. தொழிலாளர் எதிர்பார்த்தது 20. சங்கத் தலைவர்களை நம்பிப் பயனில்லை என்று முடிவுகட்டிய பெண்கள் தாமே நகரத்தை நோக்கி இறங்கினர். ஆயிரக்கணக்கானோர் சாலையில் அமர்ந்தனர். சமாதானம் பேசவந்த தலைவர்களையும் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரையும் திருப்பி அனுப்பினர். நாங்கள் உழைக்க, எங்கள் பெயரால் வாழ்பவர் யார் என்பது அவர்தம் முழக்கங்களின் சாரம். ஒன்பது நாள் உறுதி குலையாமல் நின்றனர். செப்டம்பர் 13-ஆம் நாள் முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னின்று நடத்திய பேச்சில் 8.33 விழுக்காடு போனசும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையும் என 20 விழுக்காடு முடிவாயிற்று. கூலியை 232 ரூபாயிலிருந்து 500 ஆக்கவேண்டும் என்பது மற்றொரு கோரிக்கை. அக்டோபரில் அது 301 ரூபாயில் நின்றது.

அவ்வியக்கத்தின் பெயர் ‘பொம்பிளை ஒருமை’. பள்ளியில் இலக்கணம் கற்ற நமக்கு இப்பெயர் முதலில் நகைப்பூட்டியது. பலர் சேர்ந்தால் பன்மையன்றோ? பின்னரே விளங்கிற்று. முதற்சொல் நம் பேச்சுத் தமிழ். இரண்டாவது மலையாளத்தில் ஒற்றுமையைக் குறிப்பது. இரு மொழிக்கும் இடையே வாழ்வார் இரு மொழியையும் சேர்த்துத் தமக்கொரு பெயர் அமைத்துக்கொண்டனர். எந்தக் கட்சி அலுவலகத்திலும் எழுதப்படாத பெயர் அது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் அழுது வேண்டவில்லை. சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். பின் வைகைக் கரைவழி மேற்கே நடந்து சேரமலை ஏறினாள். குமுளிக்கு மேலே எல்லைக்கோட்டில் நிற்கும் மங்கலதேவி கோயிலை அவளோடு தொடர்புபடுத்துவர். சித்திரைப் பருவத்தில் இரு மாநிலத்தாரும் அங்கு ஏறிச்சென்று வழிபடுகின்றனர். ஆண்டுக்கொரு நாள் கண்ணகிக்குக் கற்பூரம் ஏற்றும் நாம், ஒன்பது நாள் சாலையில் அமர்ந்து கணக்குக் கேட்ட பெண்களுக்கு என்ன செய்தோம்? இவ்வினாவுக்குப் பின்னர் வருவோம்.

முகத்திற்கு விழுந்த வாக்கு

2015 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அவ்வியக்கத்தினர் வட்டாரப் பஞ்சாயத்தில் ஓரிடமும் கிராமப் பஞ்சாயத்தில் ஈரிடங்களும் பெற்றனர். பெருங்கட்சிகள் நிறைந்த மலையில் அது சிறு வெற்றியன்று. ஆனால் அடுத்த ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலுக்குள் தலைமையில் பிளவு நேர்ந்தது. அவ்வியக்கத்தின் பெயரால் நின்றவர் சொற்ப வாக்குகளே பெற்றார். இடதுசாரி வேட்பாளர் 5,782 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அதே தேர்தலில், எல்லைக்கு அப்பாலிருந்து வந்து இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் தேவிகுளத்தில் 11,613 வாக்குகள் பெற்றது.

இவ்வெண்ணைத் திறனாய்வாளர் கடந்துபோதல் ஆகாது. அக்கட்சி தேவிகுளத்தில் வென்றிருந்தாலும் திருவனந்தபுரத்தில் ஆட்சியமைக்க இயலாது என்பதை அவ்வாக்காளர் அறியாதவரல்லர். மலைக்கு அப்பால் போடியிலும் கம்பத்திலும் உள்ள உறவினர் வீடுகளில் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் அரசின் பெயரால் வந்திறங்கியதைக் கண்டவர்கள் அவர்கள். அங்கே ஓர் ‘அம்மா’ இருக்கிறார், கேட்குமுன் தருகிறார். இங்கே கேட்டும் தருவாரில்லை. அவ்வாக்கைப் பொருளாசை என்று ஒதுக்குவது எளிது. நாம் அதனை ஒரு மனுவாகவே படிக்கிறோம். எங்களை ஒருவர் பெயர்சொல்லி அழைத்தார் என்பது அம்மனுவின் முதல் வரி. நீங்கள் அழைக்கவில்லை என்பது இரண்டாவது வரி.

இம்முகவழி அரசியலுக்கும் நம் எல்லைக்கும் ஓர் உறவுண்டு. எம்.ஜி.ஆரின் குடும்பம் பாலக்காட்டு வடவன்னூரைச் சேர்ந்தது. இலங்கையில் நாவலப்பிட்டியில் பிறந்து தமிழ்நாட்டு முதல்வரான அவரை எல்லைப்புறத்தார் இன்றும் தம்மவராகவே எண்ணுவர். 1972 அக்டோபரில் அவர் தம் கட்சியோடு முரண்பட்டது எதனால்? பொறுப்பிலுள்ளோர் கணக்குக் காட்டவேண்டும் என்று கேட்டதால். அவ்வொரு கேள்வி புதுக்கட்சியாகி, 1977-இல் ஆட்சியுமாயிற்று. 1982-இல் அவர் விரிவாக்கிய சத்துணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளின் பசியைத் தீர்த்தது, அதனை மறுப்பாரில்லை. எனினும் கணக்குக் கேட்டு எழுந்தவரிடம் பின்னர்க் கணக்குக் கேட்டவர் எத்தனை பேர்? கேள்வியால் பிறந்த தலைமை வழிபாட்டால் வளர்ந்தது. 1982 மார்ச்சில் தொடங்கி 1983 சனவரியிலேயே ஆந்திரத்தில் ஆட்சியைப் பிடித்த என்.டி.ராமராவின் கட்சிக்கும் இக்கூற்று பெரிதும் பொருந்தும்.

திரைப்புகழ் ஒன்றே முகமாவதில்லை. 2021-இல் பாலக்காட்டுத் தொகுதியில் மெட்ரோ இரயில் பணிகளால் பெயர்பெற்ற பொறியாளர் இ.ஸ்ரீதரன் பாரதிய சனதாக் கட்சியின் சார்பில் நின்றார். 3,859 வாக்கு வேறுபாட்டில் மட்டுமே தோற்றார். கேரளத்தை அப்போது ஆண்ட கட்சியின் வேட்பாளர் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். கட்சிக்காக வாக்களித்தோர் இருப்பர். ‘இவர் அரசியல்வாதியல்லர், சொன்ன நாளில் பாலம் கட்டுபவர்’ என்று எண்ணி வாக்களித்தோரும் உண்டு. மூணாற்றுப் பெண்கள்கூட, கட்சிக்காரர் அனைவரையும் விரட்டிய அந்நாளில், மூத்த தலைவர் வி.எஸ்.அச்சுதானந்தனை மட்டும் தம்மோடு அமர விட்டனர். நடிகர், பொறியாளர், முதுபெரும் போராளி எனும் மூவரையும் ஒரே மனநிலை தேடிற்று. தம் கட்சியைவிடப் பெரியவராக, தம் சொல்லுக்குத் தாமே பிணையாகும் ஒருவரை அது தேடிற்று.

ஆகவே நம் முடிபு இது: மக்கள் தேடுவது முகத்தையன்று, பொறுப்பேற்கும் ஆளை. ‘மேலிடம் முடிவு செய்யும்’, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுவாய் இல்லாமலே பேசக் கட்சிகள் பழகிவிட்டன. அவ்விடத்தே ‘நான் செய்வேன்’ என்று ஒருவர் தன்மை ஒருமையில் பேசினால், அது பொய்யாயினும் இனிக்கிறது. இங்குதான் ஏமாற்றமும் ஒளிந்திருக்கிறது. ‘நான் செய்வேன்’ என்பவர் நாளடைவில் ‘என்னையா கேட்கிறாய்’ என்பவராகிவிடுகிறார். கட்சி எழுவாயை மறைத்தது. தனித்தலைமை எழுவாயை மட்டும் வைத்துக்கொண்டு பயனிலையை மறைக்கிறது.

நம் பங்கு

இதுகாறும் கட்சிகளைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிச் சொல்லாது விடுத்தல் நேர்மையாகாது.

பல ஆண்டுகளுக்கு முன் தமிழமைப்பு ஒன்றின் ஆண்டு விழாவுக்கு அரசியல் தலைவர் ஒருவர் வருவதாக இருந்தது. வரவேற்பு மடல் எழுதும் பணி நமக்கு வாய்த்தது. நம் கையெழுத்தும் தமிழும் நன்று என்பது நண்பர்கள் எண்ணம். மடலின் இறுதியில் எல்லைப்புறத் தமிழ்ப் பள்ளிகளில் ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பதையும், பாடநூல்கள் காலந்தாழ்ந்து வருவதையும் ஒரு பத்தியாக எழுதியிருந்தோம். விழாக் குழுவினர் படித்துவிட்டு, மங்கல நாளில் குறை வேண்டா என்றனர். நாமும் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. அப்பத்தியை நம் கையாலேயே அடித்துவிட்டு, அவ்விடத்தில் ‘கொடையில் பாரி’ என்றொரு தொடரை நிரப்பினோம். தலைவர் மகிழ்ந்தார்; மடலைச் சட்டமிட்டுத் தந்தோம். அவ்வாண்டும் அப்பள்ளிகளுக்கு ஆசிரியர் வரவில்லை.

அன்று நாம் அடித்த பத்தி வாயுறை வாழ்த்து. எழுதி நிரப்பியது வெறும் பாடாண். தொல்காப்பியர் ஒன்றாகக் கட்டி வைத்ததை நாம் பிரித்துவிட்டோம். 2015-இல் மூணாற்றுச் சாலையில் பெண்கள் அமர்ந்திருந்தபோதும் நம்போன்றோர் செய்தித்தாளில் படித்து வியந்ததோடு சரி. அவர்தம் கோரிக்கையைத் தெளிந்த மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரவேனும் ஒருவர் மலையேறியிருக்கலாம். கோப்பெழுதியே வயிறு வளர்க்கும் நமக்கு அது அரிய செயலன்று.

நம் புனைகதை இலக்கியத்தின்மேலும் ஒரு குறை உண்டு. பி.எச்.டேனியல் என்னும் தோட்ட மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதி, ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வந்த புதினம் ஆனைமலைத் தொழிலாளரின் பழந்துயரைக் கண்முன் நிறுத்துகிறது. இந்திரா பார்த்தசாரதியின் ‘சுதந்திர பூமி’ தில்லி அரசியல்வாதியின் உள்ளும் புறமும் காட்டுகிறது. கூலியின் துன்பத்துக்கு ஒரு நூல், தலைவரின் சூழ்ச்சிக்கு ஒரு நூல். இவ்விருவருக்கும் இடையே வரிசையில் நின்று விரலில் மையிட்டுக்கொள்ளும் வாக்காளரின் மனத்தை எழுதிய நூல் நம்மிடம் அரிது. எழுதப்படாத மனத்தை மேடைப் பேச்சாளர் தம் விருப்பப்படி எழுதிக்கொள்கின்றனர்.

ஒப்புகைச் சீட்டு

2019 நாடாளுமன்றத் தேர்தலில் மலைமேல் ஒரு வாக்குச்சாவடியில் நாம் பணியாற்றினோம். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குள் ஒரு சீட்டுத் தோன்றும்; ஏழு நொடி நின்று பெட்டிக்குள் விழுந்துவிடும். அதற்கு ஒப்புகைச் சீட்டு என்பது பெயர். கொழுந்து பறித்துக் கறைபடிந்த விரல்களோடு வந்த முதிய தாய் ஒருவர் வாக்களித்துவிட்டுத் தயங்கி நின்றார். நம்மைப் பார்த்து, “ஏன் சார், அந்தச் சீட்ட எங்க கையில தரமாட்டாங்களா?” என்று கேட்டார். தருவதில்லை அம்மா, அது பெட்டிக்குள்ளேயே இருக்கும் என்றோம். “கொழுந்து நிறுத்தாக்கூட எத்தன கிலோன்னு எழுதிக் காட்டுவாங்க சார். இதுக்கு ஒண்ணும் கெடையாதா?” என்றபடி வெளியே போய்விட்டார்.

அவ்வினா இன்றும் நம் செவியில் நிற்கிறது. நம் அலுவலகத்தில் ஒரு தாள் வந்தால் அதற்கு வரவெண் உண்டு. அது யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று தேடிக் காணலாம். அத்தாயின் வாக்குக்கு வரவெண் எது? அது யார் மேசையில் கிடக்கிறது? வாக்கு மறைவாக இருத்தல் வேண்டும்; அதனால் சீட்டைக் கையில் தர இயலாது. அஃது உண்மை. ஆனால் வாக்கைப் பெற்றவர் ஐந்தாண்டில் செய்தது இன்னது, செய்யாதது இன்னது, காரணம் இன்னது என்று ஊர் நடுவே நின்று சொல்லலாமே! அதுவன்றோ உண்மையான ஒப்புகைச் சீட்டு?

இது புதுக்கருத்தன்று. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுவன. அங்கே வாரியப் பணி செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்கு உரியரல்லர்; அவர்தம் உறவினரும் உரியரல்லர். அவ்வவை நிலமுடைய அந்தணரின் அவை. கூலியாளுக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. ஆதலின் அதனை மக்களாட்சியின் முழு உருவம் என்று நாம் போற்றவில்லை. அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அன்று சிலருக்குள் வழங்கிய அவ்விதி இன்று எல்லார்க்கும் உரியதாதல் வேண்டும்.

முடிவுரை

2020 ஆகத்து 6-ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்களில் உறங்கிக்கொண்டிருந்தோர் 70 பேர் மாண்டனர். நால்வர் உடல் கிடைக்கவேயில்லை. நல்ல வீடும் சொந்த நிலமும் வேண்டும் என்பது ஐந்தாண்டுக்கு முன் சாலையில் அமர்ந்த பெண்களின் கோரிக்கைகளுள் ஒன்று. அன்று அக்குரல் ஆள்வோர் செவியில் அழுந்த உறைத்திருந்தால் என்று எண்ணும்போது எழுதுகோல் தயங்குகிறது. கேளாச் செவிக்கு விலை சொற்களால் தீர்வதன்று.

ஆகவே எல்லைப்புறத் தமிழர் பழைய கட்சிகளை வெறுத்துப் புதிய முகங்களை நாடுகின்றனர் என்று வருந்துவோர், முதலில் அவர்கள் கேட்ட கணக்கைக் காட்டட்டும். புதிய முகங்களை நாடுவோரும் ஒன்றை எண்ணட்டும்: கணக்குக் கேட்பதை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால், நாளை அவரிடமே கணக்குக் கேட்க வாயிராது. மூணாற்றுப் பெண்கள் ஒன்பது நாள் கேட்டனர்; வென்றனர். கேட்பதை நிறுத்தித் தமக்குள் பிரிந்தபோது அவர்தம் வாக்குகளும் சிதறின. கேட்டல் ஒரு நாள் திருவிழாவன்று, ஆண்டு முழுதும் செய்யும் வேளாண்மை.

தமிழமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். இனி எழுதும் ஒவ்வொரு வரவேற்பு மடலிலும் கடைசிப் பத்தியைக் குறைகளுக்கென ஒதுக்குவோம். எத்தனை பள்ளியில் ஆசிரியர் இல்லை, எத்தனை வீட்டில் கூரை இல்லை, எத்தனை வாய்க்காலில் நீர் இல்லை என்று எண்ணிட்டு எழுதுவோம். அடுத்த ஆண்டு அதே தலைவர் வரின், அதே பத்தியை முதலில் படிப்போம். புகழுக்கு உரியன செய்திருந்தால் புகழ்வோம், செய்யாதிருந்தால் மருந்தூட்டுவோம். இரண்டும் வாழ்த்தே என்பது தொல்காப்பியர் நமக்குத் தந்த துணிவு. நாம் முன்பு அடித்த பத்தியை இம்மலரின்வழி மீண்டும் எழுதிவிட்டோம்.